எரித்துப் பார்க்காத நூல்

கண்ணு, இதை எழுதுகிற நேரத்தில் நீ எனக்குப் பத்தடி தள்ளித்தான் இருக்கிறாய். வெளி மாடியில், உன் அப்பா கட்டிய செங்கல் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, வாய்ப்பாடு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு லாரி படம் வரைந்துகொண்டிருக்கிறாய். மார்கழி, மணி ஆறு ஆகப்போகிறது. உனக்கு ஏழு வயது. இதைப் படிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும். தனியாக ஒரு வேலை, தனியாக ஒரு வீடு, ஒருவேளை கையில் கல்யாணப் பத்திரிகைகூட இருக்கும். அந்த வயதில் நேரில் உட்காரவைத்துச் சொல்லலாமே என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வருஷம் போகப் போக நான் இதை எனக்கு வசதியாகக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும். இப்போதே ஒரு வருஷம் தாமதம்.

நேற்று உன்னோடு படிக்கிற பையன் விளையாட வந்திருந்தான். அவன் உன்னைக் கேட்டான், "ஒண்ணாவதுல பாதியில ஏன்டா நீ ஸ்கூலுக்கு வரல?" நீ பந்தை உருட்டிக்கொண்டே சொன்னாய், "எங்கப்பா மிஷின் தூசு எனக்கு ஆகல. அதான் பொங்கலூர்ல மாமா ஊட்ல உட்டுட்டாங்க." அடுப்படியில் தாளிப்பு கருகிப்போனது. நீ பொய் சொல்லவில்லை, நீ அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஏழு மாதத்துக்கு முன்னால் உனக்கு எல்லாம் தெரியும். அதை நீயே உன் வாயால் சொன்னாய். அதற்குள் மறந்துவிட்டாய், அல்லது தெருவில் எல்லோரும் சொல்வது உன் ஞாபகத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. உன் அப்பாவுடைய மிஷின்களால் நீ அனுப்பப்படவில்லை. என்னால் அனுப்பப்பட்டாய். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இரு, ஒரு இருமல் கேட்டது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றுமில்லை. லாரிக்கு நீயே சத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறாய்.

நம் வீடு நீ பெரியவனாகும்போது எப்படி மாறியிருக்குமோ, இன்றைக்கு எப்படி இருக்கிறதென்று சொல்கிறேன். கீழ்த்தளம் முழுக்கத் தையல் யூனிட். எட்டு மிஷின், ஒரு செக்கிங் மேஜை, மூலையில் மூட்டை மூட்டையாகத் துணி. ஒரு பெரிய கம்பெனி வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துக் கொடுப்பது உன் அப்பாவின் தொழில். மேலே இரண்டு அறை, ஒரு சமையலறை. அறைகளுக்கு முன்னால் இந்தத் திறந்த மாடி, போன வருஷம் வரைக்கும் மேலே கூரை கிடையாது, சுற்றி இடுப்பளவுக் கைப்பிடிச் சுவர்தான். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது மிளகாய் காயப்போடும் இடம், அவ்வளவுதான். கீழே மிஷின் ஓட ஓட, துணியிலிருந்து உதிரும் பஞ்சு படிக்கட்டு வழியாக மேலே வரும். காலையில் பெருக்கினால் மத்தியானத்துக்குள் ஜன்னல் கம்பியில் சாம்பல் நிறத்தில் மீசை முளைத்துவிடும். அதை விரலால் வழித்து எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்போம். இந்த ஊரில் யாருக்கும் அது தூசு என்றே தோன்றாது, தொழில் என்றுதான் தோன்றும்.

உனக்கு நாலு வயதில் முதல் இளைப்பு வந்தது. நெஞ்சுக்குள் யாரோ விசிலடிப்பதுபோல ஒரு சத்தம். ஆறு வயதுக்குள் எத்தனையோ தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். பஞ்சுத் தூசு இவனுக்கு ஆகாது, குளிரும் ஆகாது. உள்ளே இருந்தால் பஞ்சு. வெளியே வந்தால் மார்கழிப் பனி. இந்த இரண்டுக்கும் நடுவில் உன்னை எங்கே உட்காரவைப்பது? உன் அப்பா சொன்னார், "பொங்கல் வரைக்கும் பாப்போம். சரியாகலீன்னா உன்ற அண்ணன் ஊட்ல ஒரு வருசம் இருக்கட்டும். அங்க தென்னந்தோப்பு, நல்ல காத்து." அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஆறு வயதுப் பிள்ளையை ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் விட்டுவிட்டு நான் இங்கே யாருக்குச் சோறு ஊட்டுவேன்? அன்றைக்கு ஒரு வைராக்கியம் பிடித்தது. பஞ்சு தங்காத இடம் இந்த மாடி ஒன்றுதான். இதைக் குளிராத இடமாக மாற்றிவிட்டால் நீ எங்கேயும் போக வேண்டியதில்லை.

ஒரு திறந்த மாடியைக் கதகதப்பாக வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது. துணிக் கட்டுகள் சுற்றி வரும் பாலித்தீன் உறைகளைச் சேர்த்து, கம்பி கட்டி, மூன்று பக்கமும் மேலேயும் திரையாகக் கட்டினேன். வாடைக் காற்றில் அது நாள் முழுக்கப் படபடவென்று அடித்துக்கொண்டது. உனக்குத் தூக்கம் போனது, எனக்கும் போனது. காலையில் பார்த்தால் உள்பக்கமெல்லாம் பனித்தண்ணீர் கோத்து உன் தலைமாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஊட்டியிலிருந்து யாரோ கொண்டுவந்த பழைய ஹீட்டரை வாங்கிவந்து செருகினேன். அதைப் போட்டதும் கீழே எட்டு மிஷினும் முனகி நின்றன. "ஏனுங்க்கா, மேல என்னுங்க பண்றீங்க? ஊசி பாதித் துணியில நிக்குது!" என்று ஒரு டெய்லர் கீழேயிருந்து கத்தினார். இன்னொருவர், "அக்கா மாடில கொடைக்கானல் கட்டறாங்க, சும்மா இருப்பா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு ஹீட்டரைப் பிடுங்கினேன். அந்த வருஷம் கரண்ட் இருந்த நேரமே குறைவு, இருந்த கரண்ட்டையும் நான் பிடுங்கிக்கொண்டால் உன் அப்பா எப்படித் தைப்பார்?

இன்னொன்றும் மனதில் உறுத்தியது. அந்த ஆடியிலும் ஆவணியிலும் கீழே தைத்ததெல்லாம் குளிர் தேசத்துக் குழந்தைகளுக்கான உடுப்பு. உள்பக்கம் பஞ்சுபோல மெத்தென்று இருக்கும் கனத்த ஃபிளீஸ் துணி, தொப்பி வைத்த மேல்சட்டை. கொளுத்துகிற வெயிலில், வியர்வை சொட்டச் சொட்ட, பனியில் விளையாடப்போகும் யாரோ பிள்ளைகளுக்குக் கதகதப்பைத் தைத்து அனுப்பினோம். தையல் பிசகிய ஒரு சட்டை உனக்கும் கிடைத்தது. ஆனால் அந்தத் துணிதான் பஞ்சை அதிகம் உதிர்க்கும். அதைப் போட்டதும் தும்முவாய். உலகத்துக்கே சூடு தைத்து அனுப்பும் வீட்டில் உன் ஒருத்தனுக்குக் கொடுக்கச் சூடு இல்லையே என்று நான் கோபத்தில் இருந்தேன். கோபத்தில் இருக்கும்போது எதையும் தொடாதே, கண்ணு. எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

மாடிப்படிக்குக் கீழே அந்த ஃபிளீஸ் துணியின் வெட்டுத் துண்டுகள் இரண்டு மூட்டை மாதக்கணக்காகக் கிடந்தன. வேஸ்ட் வாங்குகிற வியாபாரி வெள்ளை பனியன் துண்டுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு, இந்த இரண்டையும் காலால் தள்ளிவிட்டு, "அப்புறம் வந்து எடுத்துக்கறேனுங்," என்று போனவர் வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று நான் யோசிக்கவில்லை. தொட்டுப் பார்த்தேன். பஞ்சு மாதிரி இருந்தது, பஞ்சுதான் என்று முடிவு கட்டினேன். கோவையில் மூன்று வருஷம் கெமிஸ்ட்ரி படித்தவள் நான். லேபில் ஒரு சிட்டிகை உப்பை எடுத்துச் சுடரில் காட்டி, எரிகிற நிறத்தைப் பார்த்து அது என்ன உப்பு என்று சொன்னவள். இந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட ஒரு துணி கைக்கு வந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டிப் பார்ப்பார். காட்டன் என்றால் சாம்பலாக உதிரும், பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகி மணியாக உருண்டு நிற்கும். அரை நிமிஷ வேலை. அந்த அரை நிமிஷத்தை நான் செலவழிக்கவில்லை.

அன்றைக்கும் மார்கழிதான், இதே நேரம்தான். இந்த மாடியில் உன்னைப் பாயில் உட்காரவைத்து, பழைய இரும்புச் சட்டி ஒன்றில் அந்தத் துண்டுகளை அமுக்கிப் போட்டுப் பற்றவைத்தேன். குப்பென்று பிடித்தது. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா எனக்கு! உன் முகம் சிவப்பாகத் தெரிந்தது. நீ கையை நீட்டிக் காட்டிக்கொண்டு, "இன்னும் போடுங்ம்மா," என்றாய். போட்டேன். கறுப்பாகப் புகை எழுந்தது, கரி நூல்கள் சுருண்டு சுருண்டு காற்றில் மிதந்தன. நீ அவற்றைக் கொசு என்று சொல்லிப் பிடிக்கத் தாவினாய். பாலித்தீன் திரை மூன்று பக்கமும் மேலேயும் இருந்ததால் புகை வெளியே போகவில்லை. ஒரு புளித்த நாற்றம் வந்தது. ஈரத்துணி போலிருக்கிறது, போகப் போகச் சரியாகிவிடும் என்று நான் அதன் மேலேயே இன்னொரு கை அள்ளிப் போட்டேன். உன் சிரிப்பு நின்றதைக்கூட நான் உடனே கவனிக்கவில்லை. நெருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படியேறி ஓடிவந்தது ஸ்டெல்லா. நம் யூனிட்டில் செக்கிங் மேஜையில் நிற்கும் பெண். தூத்துக்குடிப் பக்கம், என்னைவிட நாலைந்து வயது சின்னவள். "என்னத்தப் போட்டு எரிக்கியக்கா? கீழ வரைக்கும் பாலி நாத்தம் அடிக்கி! பிள்ளயத் தூக்குங்க, முதல்ல பிள்ளயத் தூக்குங்க!" குடத்துத் தண்ணீரை அவளே எடுத்துச் சட்டியில் கவிழ்த்தாள். உன்னைத் தூக்கியபோது உன் விலா எலும்பு என் கையில் உள்ளே போய் வெளியே வந்தது. உதடு நிறம் மாறியிருந்தது. உன் அப்பா காதர்பேட்டை பனியன் சந்தைக்குப் போயிருந்தார். தெருமுனையில் ஆட்டோ பிடித்து நானும் அவளும் உன்னைக் கொண்டுபோனோம். அந்த ஆட்டோவில் நடந்ததை எழுதக் கை வரவில்லை. இப்போது எழுந்து போய், மாடியில் ஏற்கெனவே கட்டியிருந்த திரையை அவிழ்த்து மறுபடி கட்டிவிட்டு வந்தேன்.

ஆட்டோவில் உன் காதில் சொன்னேன், "கண்ணு, தீ வெச்சத அப்பாகிட்டச் சொல்லாத. யாருகிட்டயும் சொல்லாத." மூச்சு விடவே முடியாமல் இருந்த பிள்ளையிடம் அதைத்தான் கேட்டேன். நீ தலையை ஆட்டினாய். எனக்கு எதற்கு அந்தப் பயம் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். உன் அப்பா என்னை அடிக்கிறவரும் இல்லை, கத்துகிறவரும் இல்லை. இவளால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று முடிவு செய்து உன்னைப் பொங்கலூருக்கு அனுப்பிவிடுவார்களே என்ற பயம். உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அது என்ன செய்தது என்று பார்.

ஆஸ்பத்திரியில் உன் மூக்கிலும் வாயிலும் மருந்துப் புகை வைத்துவிட்டு டாக்டர் கேட்டார், "புகை ஏதாவது பட்டுச்சா? கொசுவத்தி, அடுப்பு, குப்பை எரிச்சது?" "இல்லீங்க டாக்டர்," என்றேன். அதே நேரத்தில் உன் அப்பா மூச்சிரைக்க உள்ளே வந்தார். தலையிலும் சட்டையிலும் பஞ்சு. டாக்டர் அவர் சட்டையைப் பார்த்தார். உன் அப்பாவும் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பிறகு வெளியே வராந்தாவுக்குப் போய் அந்தப் பஞ்சை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க ஆரம்பித்தார். தோளில், பையில், காலரில். அரை மணி நேரம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

மறுநாள் ஸ்டெல்லா அந்த மூட்டையிலிருந்து ஒரு நூலை உருவி, என்னை யூனிட்டுக்கு வெளியே கூட்டிப்போய்த் தீக்குச்சியில் காட்டினாள். அது கருகிச் சுருண்டு கடுகளவு மணியாக நின்றது. அதை என் உள்ளங்கையில் வைத்தாள், இன்னும் சூடாக இருந்தது. "நீங்க படிச்சவங்கதான, ஒரு நூல எரிச்சுப் பாத்துருக்கக் கூடாதாக்கா?" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லிருங்க. சின்னப் பிள்ளையப் போயி இதச் சுமக்க விடாதிய." நான் சரி என்றேன். சொல்லவில்லை.

உன் அப்பா பொங்கல் வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. "என்ற தொழிலே என்ற பையனுக்கு ஆகல. மிஷின நிறுத்துனா எட்டுக் குடும்பம் நிக்கும். அவன அங்க கொண்டு போய் உட்ரலாம் புள்ள," என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தப்பு செய்தவர் மாதிரி பேசினார். எந்தப் பயத்தில் பொய் சொன்னேனோ அது அந்தப் பொய்யாலேயே நடந்தது. உன் துணிகளை நானே மடித்துப் பையில் வைத்தேன். மாமா வீட்டு வாசலில் உன்னை விட்டுவிட்டுத் திரும்பும்போது நீ அழவில்லை. அழாமல் நின்றாயே, அதை நான் தைரியம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

ஐந்து மாதம். ஞாயிற்றுக்கிழமைதோறும் பல்லடம் போய் பஸ் மாறி வருவோம். உன் அப்பா காலையில் இரண்டு தடவை குளிப்பார். பெட்டியில் தனியாக வைத்த வெள்ளைச் சட்டையைப் போடுவார். அவ்வளவும் செய்துவிட்டு உன்னைத் தொடமாட்டார். நீ ஓடிவந்தால் இரண்டடி பின்னால் போய், "அங்கயே இரு கண்ணு, அப்பா மேலெல்லாம் பஞ்சு," என்பார். அத்தை சிரித்துக்கொண்டே, "ஏனுங்ண்ணா, பையன் என்ன கடிச்சா போடுவான்? சித்த தூக்குங்க," என்று கேலி செய்வாள். அவர் தென்னை மரத்தைப் பார்ப்பார். அங்கே உனக்கு ஒரே ஒரு தடவைதான் இளைப்பு வந்தது. அதனால், நடந்ததெல்லாம் நல்லதுக்குத்தான், இனி எதற்கு அதைக் கிளற வேண்டும் என்று நான் எனக்கே சொல்லிக்கொள்ள ஆரம்பித்திருந்தேன். உண்மையில் அந்த மாதங்களில் எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. மாடியைப் பெருக்குவேன், மறுபடி பெருக்குவேன். சட்டி வைத்த இடத்தில் சிமெண்ட் கறுத்துப்போயிருந்தது. தேங்காய் நாரை வைத்துத் தேய்ப்பேன், போகவில்லை.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீ என் கையைப் பிடித்து மோட்டார் ரூமுக்குப் பின்னால் இழுத்துப்போனாய். மாமா மகளோடு சண்டையோ என்று நினைத்தேன். சுற்றிப் பார்த்துவிட்டு, குசுகுசுவென்று சொன்னாய், "அம்மா, நான் யாருகிட்டயும் சொல்லலீங்ம்மா. மாமா கேட்டாங்க, அப்பவும் சொல்லல. அத்தை முட்டாய் தர்றேன்னாங்க, அப்பவும் சொல்லல." பிறகு கேட்டாய், "இப்ப ஊட்டுக்கு வரட்டுங்ளா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீ சொல்லிவிடுவாய் என்று பயந்துதான் நாங்கள் உன்னைத் தள்ளி வைத்திருக்கிறோம் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். ஐந்து மாதமும் அதை ஒரு பரீட்சை மாதிரி எழுதிக்கொண்டிருந்தாய். வாசலில் அழாமல் நின்றதும் அதற்குத்தான். இளைப்பு வந்து ஒருநாள் நீ போய்விடுவாயோ என்று எத்தனையோ முறை பயந்திருக்கிறேன், கண்ணு. ஆனால் அன்றைக்கு மோட்டார் ரூமுக்குப் பின்னால் வந்த பயம் வேறு. என்னை இவ்வளவு நம்புகிற பிள்ளையை என்னிடமிருந்தே யார் காப்பாற்றுவது என்ற பயம் அது.

பல்லடம் பஸ் ஸ்டாண்டில், ஈரோடு பஸ்ஸும் பொள்ளாச்சி பஸ்ஸும் ஹாரன் அடித்துக்கொண்டு நின்ற இடத்தில், உன் அப்பாவிடம் சொன்னேன். நல்ல இடம் தேடிக்கொண்டிருந்தால் இன்னும் ஐந்து மாதம் ஆகியிருக்கும். "ஏனுங்க, அன்னிக்கு அவனுக்கு இளைப்பு வந்தது உங்க மிஷினால இல்லீங்க. நான் மாடில ஃபிளீஸ் வேஸ்ட்டப் போட்டு எரிச்சனுங்க." அவர் கையில் டீ கிளாஸ் இருந்தது. குடிக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. நம் பஸ் வந்து போய்விட்டது. "எத்தன மாசமாச்சு?" என்றார். "அஞ்சுங்க." "அஞ்சு மாசமா நான் அவனத் தொடலையே புள்ள," என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்து வந்தது பொங்கலூர் போகிற பஸ். என்னிடம் சொல்லாமலேயே அதில் ஏறினார். நானும் ஏறினேன்.

அன்று சாயங்காலம் நீ இந்த மாடிக்குத் திரும்பி வந்தாய். பையை வைத்ததும் அப்பாவைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். கண்ணாலேயே என்னிடம் அனுமதி கேட்டாய். அப்பா, "அம்மா எல்லாம் சொல்லிட்டாங்க கண்ணு. இனி நீ சொல்லலாம்," என்றார். அவ்வளவுதான், ஆரம்பித்தாய். சட்டி, தீ, கறுப்புக் கொசு, ஸ்டெல்லா அக்கா தண்ணி ஊற்றியபோது வந்த சத்தம், ஆட்டோவின் பச்சைக் கண்ணாடி, மாமா கேட்டது, அத்தை காட்டிய முட்டாயின் நிறம். சோறு ஆறிப்போகும் வரைக்கும் சொன்னாய். உன் அப்பா நடுவில் உன்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு வந்ததும் மாற்றிய வேலைச் சட்டை அது, போன வாரத்துப் பஞ்சு பையில் ஒட்டியிருந்தது. அந்த நேரத்திலும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "சட்டையக் கழட்டிட்டு வெச்சுக்குங்க," என்றேன். கழற்றி எறிந்துவிட்டு வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் இந்த மாடி கட்டப்பட்டது, நீ இப்போது சாய்ந்திருக்கிற இந்த மாடி. உன் அப்பா முதலில் ஒரு செங்கல்லைக்கூடத் தொடவில்லை. நாலு நாள் சாயங்காலம் சும்மா இங்கே நின்று, ஒரு நூல் பிசிறைக் கையில் தொங்கவிட்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தார். நான் குளிர் என்றதும் நெருப்பைத் தேடினேன். அவர் காற்றைத் தேடினார். பிறகு வடக்கே ஆளுயரத்துக்குச் செங்கல் சுவர், பூசாமல் விட்டது. பகலெல்லாம் தெற்கு வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் முதுகுக்குச் சூடு கொடுக்கும். பனி தலையில் இறங்காமல் மேலே பாதிக்கு மட்டும் தகரம், மீதி திறந்தபடி, மூச்சுக்கு. தரையில் சாக்கு, அதன் மேல் பாய், அதற்கும் மேலே கயிற்றுக் கட்டில், ஏனென்றால் சிமெண்ட் தரை சத்தமில்லாமல் உடம்புச் சூட்டை உறிஞ்சும். படிக்கட்டு வாயில் கதவு வைத்துக் கீழ்ப் பஞ்சை அடைத்தார். திரைக்கும் மெத்தைக்கும் உறைக்கும் வந்த ஒவ்வொரு துணியிலும் ஒரு நூலை உருவி, நீ இருக்கும் இடத்தில் இல்லை, தெருமுனை வரைக்கும் நடந்துபோய் எரித்துப் பார்த்துவிட்டு வந்தார். சாம்பல் என்றால் மேலே வரும். மணியென்றால் வராது. டெய்லர்கள், "அண்ணன் பீடி பழகிட்டாருங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை.

உனக்கு இப்போதும் இளைப்பு வருகிறது, இந்த மார்கழியில் ஒரு தடவை வந்துவிட்டது. பொங்கலூரிலேயே விட்டிருக்க வேண்டுமோ என்று இன்றைக்கும் ஒரு நாளைக்கு நாலு தடவை எனக்குத் தோன்றும். தெரியவில்லை, கண்ணு. உனக்கென்று ஒரு வீடு வந்து, அதில் யாருக்காவது குளிர்ந்தால், நீயும் என்னைப் போலத்தான் பதறுவாய், என் ரத்தம் அது. பதறு, பரவாயில்லை. ஆனால் கையில் எடுத்தது என்னவென்று முதலில் பார். தப்பாகப் போய்விட்டால் அன்றைக்கே சொல்லு. யாராவது சட்டையிலிருந்து பஞ்சைக் கிள்ளிக்கொண்டு வராந்தாவில் நிற்பதற்கு முன்னால் சொல்லு. நான் செய்யாததைத்தான் உன்னைச் செய்யச் சொல்கிறேன், அது எனக்குத் தெரியும். நாளைக்குக் காலையில் ஏழு வயதுக்காரனிடமும் இதையெல்லாம் மறுபடி ஒரு தடவை சொல்லப்போகிறேன், அவனுக்குப் புரிகிற மாதிரி. அவன் தன் நண்பனிடம் அப்பாவைப் பற்றிச் சரியாகச் சொல்ல வேண்டும்.

கீழே மிஷின் நின்றுவிட்டது. உன் அப்பா படியேறி வருகிறார். படிக்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருக்கிறது. பஞ்சு ஒட்டிய சட்டையை அதில் மாட்டிவிட்டு, வெற்று உடம்போடுதான் உன்னிடம் வருவார். மாற்றுச் சட்டையை நான் கட்டிலில் மடித்து வைத்திருக்கிறேன், அதைப் போடுகிற நேரம்கூட அவருக்குப் பொறுக்காது. "குளிருதுங்ளாப்பா?" என்று நீ கேட்கிறாய். கை முடியெல்லாம் சிலிர்த்து நிற்க, "இல்ல கண்ணு," என்கிறார். இந்த வீட்டில் எனக்குத் தெரிந்து மிச்சமிருக்கும் பொய் அது ஒன்றுதான். நீ அதை நம்பாமல் அவர் கையைப் பிடித்து இழுத்து, சூடு இன்னும் போகாத செங்கல் பக்கம் உட்காரவைக்கிறாய்.